சனிக்கிழமைக் கை

மணிக்கட்டு தொங்குகிறது,
கடைக் கொக்கியில் மாட்டிய வாத்தின் கழுத்துபோல.
தூக்கு என்கிறேன்.
அது கேட்பதாயில்லை.

சொங்ஹுவா ஆற்றில் பனிக்கட்டி அறுப்பவன் நான்.
ஹார்பின் திருவிழாவுக்கு மாளிகை கட்ட
ஆறு தன் முதுகை அறுத்துத் தருகிற மாதம் டிசம்பர்.
ஒரு கட்டி அரை டன்.
"கட்டி சறுக்கி மேல்கையில் இடித்தது"
என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.
மனைவி யூச்சினிடம் சொன்னேன்.
படிவத்தில் இடது கையால் எழுதினேன்,
எழுத்துகள் குடித்தவன்போல் நடந்தன.

யூச்சின் காலையில் என் பொத்தான்களை மாட்டுகிறாள்.
பாவம் இந்தக் கை என்று
தன் இரு கைகளுக்குள் வைத்து ஊதுகிறாள்.
பொய்க்கும் சூடு ஏறுகிறது.

மருத்துவர் பான் ஹுய்ரோங்குக்குப்
பேருந்துப் பணிமனையின் மேலே இரண்டு அறை.
வெந்நீர்க் குழாயில் காயும் காலுறைகள்,
மேசையில் சூரியகாந்தி விதைத் தோல்.
என் கையை அவர் ஊராகப் படிக்கிறார்:
முழங்கை மடிப்பில் வளைந்த குளம்,
அதற்கும் கீழே மூன்று கல் தொலைவு,
மணிக்கட்டுக்கு மேலே வெளிவாசல்,
கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடுமிடத்தில் பள்ளத்தாக்கு.
இத்தனை பெயர் வைத்த ஊரில்
ஒருவரும் குடியில்லை இப்போது.

ஊசி இறங்குகிறது.
மயிரைவிடச் சற்றே தடிமன்.
முதலில் ஒன்றுமில்லை. திருகுகிறார்.
வலி என்று சொல்ல முடியாது.
ஈரச் சாக்கை யாரோ உள்ளே இறக்கிவைத்த கனம்,
புளிப்புக்கும் கூச்சத்துக்கும் நடுவில் ஏதோ.
"வந்ததா?"
"வந்தது."
"நல்லது. வீட்டில் ஆள் இருக்கிறார்கள்."

ஆறாம் நாள், பதினோரு ஊசிகளோடு
அசைய முடியாமல் நான் கிடந்தபோது கேட்டார்:
"பனிக்கட்டி இடித்தால் தோல் கன்றும். இங்கே கன்றவில்லை.
நாற்காலி முதுகில் கையைப் போட்டுத் தூங்கினாயா?"

குழாயில் வெந்நீர் சலசலத்தது.

சம்பள நாள். சனிக்கிழமை. சோளச் சாராயம்.
விடிந்தபோது நான் எழுந்தேன், கை எழவில்லை.
மரத்துப்போயிருந்தது.
மரம்கூடக் காற்றுக்கு அசையும்.

"இதற்குச் சனிக்கிழமை இரவின் பெயரையே
வைத்திருக்கிறார்கள் வைத்தியர்கள்," என்றார்
விதையொன்றைக் கடித்தபடி.
"நரம்பு அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது.
ஊசி போட்டால் நாற்பது நாளில் வரும்.
போடாவிட்டால் நாற்பது நாள் ஆகும்."
"பின்னே ஊசி எதற்கு?"
"அந்த நாற்பது நாளும் எங்காவது போய்ப் படுக்க வேண்டாமா நீ?
ஊசியா, நாளா என்று கை என்னிடம் சொன்னதில்லை."

சிரித்தேன்.
கொக்கி பிடித்தவன் கோங் ஷூதாங் என்பதைச் சொல்லவில்லை.
கட்டியை நழுவவிட்டவன் என்று
என் படிவத்தில் அவன் பெயர் இருப்பதை,
அரை மாதக் கூலி அபராதமாய்ப் போனதை,
மன்னிப்பாக ஒரு பை உறைந்த பேரிக்காய்
அவன் கொடுத்தனுப்பியதை.
தன் கொக்கிதான் வழுக்கியதோ என்று
அவனே நம்பிவிட்டான்.
பேரிக்காய்களை யூச்சின் தண்ணீரில் போட்டாள்.
ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு பனி ஓடு கட்டிக்கொண்டது.
நான் நான்கு தின்றேன்.

முப்பத்து மூன்றாம் நாள். ஊசி இல்லாத நாள்.
பேருந்து சடாரென்று திரும்பியது.
இடது கையில் முட்டைக்கோஸ் மூட்டை.
வலது மணிக்கட்டு இரண்டு விரற்கடை நிமிர்ந்து
தொங்கும் பிடியைப் பற்றிக்கொண்டது,
என்னைக் கேட்காமலே.
பேருந்தில் யாரும் பார்க்கவில்லை.
என் நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை.

கோங் வீடு நான்காம் மாடி.
கதவின் முன் மூட்டையை வைத்துவிட்டு
வலது கையால் தட்டினேன்.
இடது கையால் தட்டியிருக்கலாம்.
உள்ளே தொலைக்காட்சி, யாரோ இருமும் சத்தம்.
பூனைகூட இதைவிடப் பலமாய்த் தட்டும்.

மறுபடி தட்டினேன்.